நேரா உக்காரு கண்ணு

கோடை விடுமுறைக்கு அக்கா மகன் வந்திருந்தான். கூடத்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, செல்போனை இரண்டு கையாலும் குறுக்குவாட்டில் பிடித்தபடி கார் ஓட்டிக்கொண்டிருந்தான். உடம்பு மெல்ல மெல்ல வலப்பக்கம் சாய்ந்து, கடைசியில் பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மாவின் முறத்தில் போய்த் தலை முட்டியது. “நேரா உக்காரு கண்ணு, கழுத்துப் புடிச்சுக்கும்” என்றாள் அம்மா. அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “சாஞ்சாத்தான் அம்மாயி வண்டி திரும்பும்” என்றான்.

அவன் சொன்னது உண்மை. இன்றைய போனுக்குள் சாய்வை அறிகிற சில்லு ஒன்று இருக்கிறது. போனை எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு ஸ்டியரிங் திரும்பும். ஆனால் இதே வார்த்தையை இதே கூடத்தில் அம்மா என்னிடம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், நான் எவ்வளவு சாய்ந்தாலும் எந்த வண்டியும் திரும்பியதில்லை. இருந்தும் சாய்ந்தேன். அக்கா சாய்ந்தாள், மாமா மகன் மச்சான் சாய்ந்தான், ஒருநாள் சும்மா எட்டிப் பார்க்க வந்த அப்பிச்சியும் துண்டோடு சேர்ந்து ஒரு பக்கம் சாய்ந்தார்.

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கார் பிரிக் கேம் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் வந்தது. கோயம்புத்தூரில் மாசி மாதம் கோனியம்மன் தேர். ராஜ வீதி முழுக்கக் கடை போட்டிருப்பார்கள். பஞ்சுமிட்டாய், வளையல், பிளாஸ்டிக் குடம் என்று வரிசையாக இருந்த கடைகளில் ஒன்றில் அப்பா அதை வாங்கித் தந்தார். மேலே “9999 இன் 1” என்று எழுதியிருந்தது. உண்மையில் அதில் இருந்தவை கைவிரல் விட்டு எண்ணிவிடக்கூடிய விளையாட்டுகள்தான். வேகத்தையும் கட்டத்தையும் மாற்றி மாற்றி எண்ணிக்கையைப் பெருக்கியிருந்தார்கள். அதில் கட்டம் அடுக்குவது அக்காவுக்கு, கார் ரேஸ் எனக்கு என்று அன்று ராத்திரியே பாகம் பிரிந்தது. திரையின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்கக் கூடாது என்று அக்கா சட்டம் போட்டாள். அது ஓரத்தில் சுருண்டு, உள்ளே தூசி ஏறி, தானாக விழும்வரை அப்படியே இருந்தது.

குறுக்கே பத்து, நெடுக்கே இருபது கட்டம். அதுதான் மொத்த உலகம். ஆஃப் செய்த பிறகும் வெளிச்சத்தில் லேசாகச் சாய்த்துப் பார்த்தால் அந்த இருநூறு கட்டமும் நிழலாகத் தெரியும். ஏழு கருப்புக் கட்டம் சேர்ந்தால் ஒரு கார். எதிரே அதே மாதிரிக் கார்கள் மேலிருந்து இறங்கிவரும். நமக்கு இருந்தது இரண்டே தடம். இடது பொத்தானை அழுத்தினால் இடது தடம், வலதை அழுத்தினால் வலது தடம், பெரிய வட்டப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் வேகம். வளைவு என்று ஒன்று அந்த ரோட்டில் கிடையவே கிடையாது. அதில் போய் எதற்கு உடம்பைச் சாய்க்க வேண்டும்?

அதற்கு எனக்கு ஒரு பதில் உண்டு. டவுன் பஸ் வேகமாக வளைவில் திரும்பினால் நம் உடம்பு வளைவுக்கு வெளிப்பக்கம் தள்ளப்படும். கம்பியைப் பிடிக்காதவர் பக்கத்து ஆள் மேல் விழுவார். இருசக்கர வண்டியில் கதை நேர்மாறு. அங்கே ஓட்டுகிறவரும் பின்னால் இருப்பவரும் வளைவுக்கு உள்பக்கம் சாய்ந்தால்தான் வண்டி திரும்பும். கையில் கேம் வைத்திருந்த எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாரும் உள்பக்கமே சாய்ந்தோம். நாங்கள் ரோட்டைக் கற்றுக்கொண்டது அப்பாக்களின் டிவிஎஸ் ஐம்பதில். சீட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு, ஹேண்டில்பாரின் நடுவில் கையை வைத்துக்கொண்டு, கணபதியிலிருந்து காந்திபுரம் வரை அப்பாவின் நெஞ்சு எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்தப் பக்கம் சாய்ந்து பழகியவர்கள். எந்தக் காரை ஓட்டினாலும் உடம்பு டிவிஎஸ்ஸைத்தான் ஓட்டியது.

கையடக்க விளையாட்டுக்கு மட்டும் உள்ள சங்கதி இதில் இன்னொன்று இருக்கிறது. டிவியில் மாட்டி ஆடும் வீடியோ கேமில் சாய்ந்தால் திரை அங்கேயே நிற்கும், நாம் மட்டும் கோணலாவோம். கையில் இருக்கிற திரை கூடவே வரும். நாம் சாய்ந்தால் ரோடும் சாயும். எந்தப் பொத்தானும் தராத அந்த நிஜம் அதில் இருந்தது. செய்தவர்கள் இதை எண்ணிச் செய்தார்களோ என்னவோ, நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

பிரிக் கேமுக்கு பென்சில் செல் வேண்டும். செல் தீர்ந்தால் வீட்டில் உடனே வாங்கித் தர மாட்டார்கள். முதலில் மொட்டைமாடியில், வடகம் காயும் துணியின் ஓரத்தில் வெயிலில் வைப்போம். அரை மணி நேரம் ஓடும். பிறகு கடித்துப் பார்ப்போம். செல்லில் பல் தடம் பதிந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள். அதற்கப்புறம் சுவர்க் கடிகாரத்திலிருந்து எடுத்து மாட்டுவோம். எங்கள் கூடத்துக் கடிகாரம் எப்போதும் பிந்தியே ஓடியதன் காரணம் அப்பாவுக்கு வெகுகாலம் தெரியாது.

சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த சித்தப்பா ஒரு பொங்கலுக்கு கேம் பாய் அட்வான்ஸ் கொண்டுவந்தார். சிம் லிம் ஸ்கொயரில் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை அப்படியே வாங்கி வந்திருந்தார். கூடவே இரண்டு கேசட். ஒன்று மரியோ கார்ட் சூப்பர் சர்க்யூட், இன்னொன்று டோனி ஹாக்ஸ் ப்ரோ ஸ்கேட்டர் 2. இரண்டும் 2001-இல் வந்தவை. கேசட் என்றுதான் சொல்வோம், கிட்டத்தட்டத் தீப்பெட்டி அளவுதான்.

அந்தக் கருவிக்கு ஒரு வினோதம் உண்டு. திரைக்குள் விளக்கே கிடையாது. கலர் எல்லாம் அற்புதமாக இருக்கும், வெளிச்சம் விழுந்தால். விழாவிட்டால் கருப்புக் கண்ணாடிதான். வெயில் நேராகப் பட்டால் கண் கூசும், நிழலில் போனால் ஒன்றும் தெரியாது. வீட்டில் அதற்குத் தோதான இடங்கள் எங்களுக்கு அத்துப்படி. காலையில் திண்ணையின் வடக்கு ஓரம், மதியம் சமையலறை ஜன்னல் அடி, சாயந்திரம் கூடத்து டியூப் லைட்டுக்கு நேர் கீழே. டியூப் லைட்டின் கீழே உட்கார்ந்தால் அதன் வெள்ளைக் கோடு திரையில் விழும், அதை ஓரமாக ஒதுக்க இன்னும் கொஞ்சம் சாய்க்க வேண்டும். அந்தச் சாய்வை யாரும் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல முடியாது. 2003-இல் மடக்கி வைக்கிற மாதிரி, உள்ளே விளக்கோடு வந்த எஸ்பி மாடலைப் பார்த்தபோது மச்சான், “இதுல எங்க உக்காந்தாலும் ஆடலாமாம் மாப்ள” என்றான். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்ததாக எனக்குத் தோன்றியது.

மரியோ கார்ட்டில் வலது தோள்பட்டைப் பொத்தானைத் தட்டினால் வண்டி ஒரு குதி குதிக்கும். குதித்த கையோடு திருப்பினால் வளைவில் சறுக்கிக்கொண்டு போகும். அக்கா அதில் கெட்டிக்காரி. எனக்கும் மச்சானுக்கும் டோனி ஹாக். இதில் ரேஸ் இல்லை. ஒரு ஆள், ஒரு பலகை, இரண்டு நிமிடம். அதற்குள் விமானக் கொட்டகையிலோ பள்ளிக்கூடத்திலோ சுற்றி, குதித்து, கம்பிமேல் சறுக்கி, எவ்வளவு புள்ளி சேர்க்க முடியுமோ சேர்க்க வேண்டும். பெரிய கருவிகளில் ஆளின் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்க்கிற விளையாட்டு அது. இந்தச் சின்னத் திரையில் அது முடியாது என்று, மேலே ஒரு மூலையிலிருந்து முற்றத்தைப் பார்க்கிற கோணத்தில் மாற்றிச் செய்திருந்தது விகாரியஸ் விஷன்ஸ் என்ற நிறுவனம். தரை படம், ஆள் மட்டும் முப்பரிமாணம். கை கால் வீசி அவன் காற்றில் சுழலும்போது இவ்வளவையும் இதற்குள் எப்படி வைத்தார்கள் என்று தோன்றும். இன்றும் அந்தக் கருவியில் வந்ததில் மிகத் திறமையான வேலை அதுதான் என்பேன். பெயரளவில் ஒரு காரைப் போட்டு, பின்னால் நாலு மரத்தை நகர்த்தி ரேஸ் என்று விற்ற கேசட்டுகள் எத்தனையோ உண்டு.

ஸ்கேட்போர்டை நாங்கள் யாரும் நேரில் பார்த்ததில்லை. பார்த்தது பேரிங் வண்டி. கணபதியில் தெருவுக்கு நாலு லேத் பட்டறையும் மோட்டார் ரீவைண்டிங் கடையும் இருந்த காலம். தேய்ந்துபோன பால் பேரிங்கைக் கேட்டால் சும்மா தருவார்கள். பலகைக்கு முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு பேரிங் மாட்டி, முன்கட்டையைக் காலால் திருப்பிக்கொண்டு இறக்கத்தில் விட்டால், தார் ரோட்டில் கரகரவென்று அது போடும் சத்தத்தில் நாய்கள் ஓடும். டோனி ஹாக் ஆடிய சூட்டில் மச்சான் அதன்மேல் நின்று போய்ப் பார்த்தான். கம்பியில் ஏறிச் சறுக்குவது போகட்டும், நிற்பதே பெரும்பாடு. அப்புறம் விளையாட்டில் வரும் ஆலி என்ற குதியைப் போடுகிறேன் என்று குதித்தான். கேசட்டோடு வந்த கைடு பொத்தானை அழுத்துகிற வேலையை மட்டும்தான் சொல்லியிருந்தது. பலகை ஏன் காலோடு மேலே வருகிறது என்பதைச் சொல்லவில்லை. மச்சான் மேலே போனான், வண்டி கீழேயே இருந்தது. முழங்கையில் தோல் வழன்று வந்தவனுக்கு அத்தை மஞ்சள் வைத்துவிட்டு, பேரிங்கைக் கழற்றிப் பட்டறைக்கே திருப்பிக் கொடுத்தார்.

டோனி ஹாக் என்று ஒரு நிஜ மனிதர் இருக்கிறார் என்பதே எங்களுக்குப் பிற்பாடுதான் தெரியும். 1999-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த எக்ஸ் கேம்ஸில் காற்றில் இரண்டரைச் சுற்று சுற்றி இறங்கியவர். அவர் பெயரில் முதல் விளையாட்டு வந்ததும் அதே வருடம். பல வருடம் கழித்து ஒரு புகைப்படம் கண்ணில் பட்டது. கவுன் போட்ட சிறுமி ஒருத்தி, காலில் செருப்பு இல்லாமல், ஸ்கேட்போர்டில் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தாள். மாமல்லபுரத்துக் கடற்கரைக் குடும்பத்துப் பெண். அந்தப் படத்தை டோனி ஹாக்கே தன் சமூக வலைப்பக்கத்தில் பகிர்ந்திருந்தார். பிறகு அவளையும் அவள் அம்மாவையும் வைத்து ‘கமலி’ என்ற பெயரில் எடுக்கப்பட்ட குறும்படம் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரை ஆனது. அந்தப் புகைப்படத்தில் அவள் உடம்பு வளைவுக்கு உள்பக்கம் சாய்ந்திருந்தது. மச்சானுக்கு அனுப்பினேன். “செருப்பில்லாமயா!” என்று மட்டும் பதில் வந்தது.

வேலைக்குப் போன பிறகு நான் வாங்கிய கையடக்கக் கருவி பிஎஸ்பி. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு மாடிப்படிக்கு அடியில், பில் எல்லாம் கேட்காதீர்கள் என்ற முகபாவத்தோடு விற்றார்கள். நாலேகால் அங்குலத்துக்குச் சற்று அதிகமான திரை, உள்ளே நல்ல வெளிச்சம். டிஸ்க் ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கும். அது சுழலும்போது விரல்களில் ஒரு மெல்லிய அதிர்வு ஏறும். ரோடு ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். திருப்புவதற்குச் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு தட்டையான வட்டம், கட்டைவிரலால் தள்ள வேண்டும். நீண்ட ரேஸுக்குப் பிறகு விரலின் அடிச்சதை விண்விண் என்று தெறிக்கும்.

அதில் ரிட்ஜ் ரேஸரை மிஞ்ச ஒன்றும் இல்லை என்பது என் தீர்ப்பு. பர்ன்அவுட் லெஜண்ட்ஸ் பிடித்தவர்கள் சண்டைக்கு வரலாம். அதில் அடுத்தவன் காரை இடித்துக் கவிழ்ப்பதில்தான் சுகம். ரிட்ஜ் ரேஸரில் வளைவுதான் சுகம். ஆக்சிலரேட்டரை ஒரு கணம் விட்டு, திருப்பி, மறுபடி அழுத்தினால் கார் பக்கவாட்டில் படகாக மிதக்கும். மிதக்க மிதக்க நைட்ரஸ் நிரம்பும். நேர் ரோட்டில் அதைத் திறந்துவிட்டால் வேகம். சறுக்கினால்தான் வேகம் சேரும் என்ற இந்தக் கணக்கு நிஜ ரேஸில் செல்லாது. அங்கே சறுக்கினால் நேரம் போகும், டயர் போகும்.

பிஎஸ்பியின் பொற்காலம் கரண்ட் இல்லாத காலம். 2012 வாக்கில் கோவையில் ஒரு நாளில் கரண்ட் இருக்கிற நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகம். பட்டறைகள் வாய் மூடிக் கிடந்தன, லேத்துக்காரர்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ராத்திரி ஃபேன் நின்றதும் தெரு மொத்தமும் விசிறியோடு திண்ணைக்கு வரும். நான் பிஎஸ்பியை எடுத்தால் இருட்டில் அந்த ஒரு வெளிச்சத்தைச் சுற்றி ஏழெட்டுத் தலை கூடிவிடும். ஆளுக்கு ஒரு ரவுண்டு. முறை வராதவர்கள் ஓட்டுகிறவனின் தோளுக்குமேல் எட்டிப் பார்ப்பார்கள். அவன் இடப்பக்கம் சாய்ந்தால் பார்க்கிற எல்லாரும் இடப்பக்கம் சாய்வார்கள். ஓட்டுகிறவனுக்காவது வண்டி கையில் இருக்கிறது, பார்க்கிறவர்கள் எதை நம்பிச் சாய்ந்தார்கள்? நாலைந்து மணி நேரம் தாங்கும் பேட்டரி. கரண்ட் வருகிற ஒரு மணி நேரத்தில் தண்ணீர் மோட்டார், மிக்ஸி, வீட்டிலுள்ள எல்லாரது போன் இவற்றுக்கு நடுவில் அதற்கும் ஒரு பிளக் பாயிண்ட் பிடிக்க வேண்டும். அம்மா தோசை மாவுக்கு முதலிடம் கொடுப்பாள். நியாயம்தான்.

போனில் ரேஸ் பரவியதும் பிஎஸ்பி காலத்து ஆண்டுகளில்தான். ஆஸ்ஃபால்ட் என்ற தொடரின் முதல் விளையாட்டு 2004-இல் நோக்கியாவின் என்-கேஜிலும் நின்டெண்டோ டிஎஸ்ஸிலும் வந்தபோது சாய்த்து ஓட்ட முடியாது. 2008-இல் அதன் நாலாம் பாகம் ஐபோனுக்கு வந்தபோது, சாய்த்தால் திரும்பும் என்று ஆகிவிட்டது. வீட்டுக்கு வீடு திட்டு வாங்கிக் கொடுத்த அந்தப் பழக்கத்தை எடுத்து ஸ்டியரிங் ஆக்கிவிட்டார்கள். ஆனால் அது எனக்கு ஒட்டவில்லை. பலன் இல்லாதபோது தன்னால் வந்த சாய்வு வேறு, அளந்து சாய்க்க வேண்டிய கட்டாயம் வேறு. அக்கா மகனுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

பிஎஸ்பியில் நான் கடைசிவரை விடாமல் வைத்திருந்தது எஃப்1 கிராண்ட் பிரி. 2005 சீசனை வைத்துச் செய்தது. அதை விட மனசு வராததற்குக் காரணம், அதில் ஜோர்டான் அணியின் மஞ்சள் காரில் எங்கள் ஊர்க்காரர் இருந்தார். நரேன் கார்த்திகேயன், எண் 19. பிரிக் கேமில் ஏழு கட்டமாகத் தொடங்கிய கார் ஓட்டத்தில் கோயம்புத்தூர்ப் பெயர் ஒன்று திரையில் வந்து நின்றது. சில்வர்ஸ்டோன், மொனாக்கோ, சுஸுகா என்று எங்கே போனாலும் அந்தக் காரைத்தான் எடுப்பேன். நிஜத்தைப் போலவே அது மெதுவான கார். ஷூமாக்கரும் அலோன்சோவும் தாண்டிப் போவார்கள். மச்சானுக்குப் பொறுக்காது. “ஃபெராரிய எடு மாப்ள, எதுக்கு இந்தக் கட்டை வண்டி?” என்பான். அவன் முறை வரும்போது அவனும் மஞ்சளைத்தான் எடுத்தான்.

எங்கள் ஊரில் நிஜ ரேஸுக்கும் இடம் உண்டு. போத்தனூர் தாண்டி செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா கார் கட்டி, கோவைப் பையன்களை ரேஸுக்கு இழுத்துவந்த கரிவரதனின் நினைவாக வைத்த பெயர். அவர் 1995-இல் விமான விபத்தில் போய்விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சானோடு அங்கே ரேஸ் பார்க்கப் போனேன். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பாதை. வெயில், புழுதி, பெட்ரோலும் ரப்பரும் சேர்ந்து கருகிய வாசனை. கம்பிவேலிக்கு இந்தப்பக்கம் நின்று, வளைவில் வரும் கார்களின் ஹெல்மெட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலப்பக்கம் திரும்பும் காரில் ஹெல்மெட் இடப்பக்கம் சாய்ந்தது. ஒவ்வொரு காரிலும் அப்படியே. டவுன் பஸ் கணக்குதான். உடம்பு வெளியே இழுபடுகிறது, ஓட்டுகிறவர் கழுத்தால் அதை இழுத்துப் பிடிக்கிறார். ஃபார்முலா ஒன்னில் தலையின் எடை நாலைந்து மடங்காகித் தெரியுமாம். கழுத்துக்கென்றே தனிப் பயிற்சி எடுக்கிறார்கள். வேலிக்கு இந்தப்பக்கம் இருந்த கூட்டமோ ஒவ்வொரு காருக்கும் உள்பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது.

விளையாட்டில் நான் ஓட்டிய அந்த நரேன் நிஜத்தில் மார்ச் 2005-இல் மெல்போர்னில் முதல் ரேஸ் ஓட்டிப் பதினைந்தாவதாக வந்தார். ஊரே கொண்டாடியது. ஜூன் 19 அன்று அமெரிக்காவில் இண்டியனாபோலிஸ் ரேஸ். நமக்கு அது ஞாயிறு நள்ளிரவை ஒட்டி வரும். அப்பா தூங்கிவிட்டார், சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். மிஷலின் டயர் அந்த ஓடுபாதையின் வளைவைத் தாங்காது என்று, ரேஸுக்கு முந்தைய ஃபார்மேஷன் லாப் முடிந்ததும் பதினான்கு கார்கள் ஒவ்வொன்றாகக் கொட்டகைக்குள் திரும்பிவிட்டன. ரேஸ் ஓட நின்றவை ஆறு. அமெரிக்கக் கூட்டம் கத்தியது, காசைத் திருப்பிக் கேட்டது. இரண்டு ஃபெராரி, அடுத்து நரேனின் அணித்தோழர் மான்டேரோ, நாலாவது நரேன். நாலாவது இடத்துக்கு அன்றைய கணக்கில் ஐந்து புள்ளி.

ஆறு காரில் நாலாவதா என்று மறுநாள் ஆபீசில் சிரித்தவர்கள் உண்டு. சிரிக்கட்டும். அதன் பிறகு சென்னையின் கருண் சந்தோக் 2010-இல் ஹெச்ஆர்டி அணிக்கு ஓட்டினார். நரேனும் ஃபார்முலா ஒன்னுக்குத் திரும்பி, 2011-இலும் 2012-இலும் அதே அணிக்கு ஓட்டினார். அந்த அணியில் இருவருக்கும் புள்ளி எதுவும் கிடைக்கவில்லை. ஃபார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் எடுத்த புள்ளிகள் இன்றுவரை அந்த ஐந்துதான்.